வளவை ப்ளர் பண்ணாதீர்கள்: செட்டிநாட்டுக்கு அவுட்டோர் ஷூட் வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி பக்கம் கேமராவோடு வரும் போட்டோகிராபர் நண்பர்களுக்கு,

வணக்கம்.

இந்த வட்டாரத்தில் படம் எடுக்கிறவர்கள், எடிட் பண்ணுகிறவர்கள், ஆல்பம் போடுகிறவர்கள் சேர்ந்து எழுதுகிறோம். நீங்கள் வருவதில் எங்களுக்கு வருத்தம் எதுவுமில்லை. பூட்டியே கிடக்கும் வீடுகள் ஷூட்டை முன்னிட்டாவது திறக்கப்படுகின்றன. கூட்டிப் பெருக்குகிறவருக்கும் காவலுக்கு இருப்பவருக்கும் நாலு காசு கிடைக்கிறது. எங்கள் மனத்தாங்கலெல்லாம் நீங்கள் எடுத்துக்கொண்டு போகிற கல்யாண ஜோடிப் படத்தைப் பற்றித்தான்.

அந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். மாப்பிள்ளை தூணில் சாய்ந்திருப்பார். மணப்பெண் ஒரு கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்தபடி வேறெங்கோ பார்ப்பார். இருவருக்கும் பின்னால் பழுப்பும் பச்சையுமாக ஏதோ கலங்கித் தெரியும். அந்தக் கலங்கல்தான் வளவு, வீட்டு நடுவிலிருக்கும் முற்றமும் அதைச் சுற்றிய தூண் வரிசையும். பர்மாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த தேக்குத் தூண். ஆத்தங்குடிக் கல் பாவிய தளம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர். 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிற ஊர்களுக்கு வந்து, வாடகை கட்டி, அந்த ஊரைக் கலங்கலாக்கி எடுத்துப் போகிறீர்கள். அதே கலங்கலை உங்கள் ஊர் மாநகராட்சிப் பூங்காவிலேயே எடுத்திருக்கலாம், டீசல் செலவு மிச்சம்.

85 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 1.4-இல் (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது) முழுக்கத் திறந்து வைப்பதில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் ஆள் 2 மீட்டர் தள்ளி நின்றால் ஃபோகஸில் இருக்கும் ஆழம் ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டர். ஒன்றரை மீட்டருக்கு நெருங்கினால் இரண்டரை சென்டிமீட்டர். ஒருவர் முகத்திலேயே மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில் அதைவிட அதிக தூரம் இருக்கிறது. ஜோடியாக நிற்கும்போது ஒருவர் தலை மற்றவரைவிட ஒரு சாண் பின்னால் இருந்தால் இரண்டில் ஒரு முகம் போச்சு. பெரும்பாலும் போவது மாப்பிள்ளை முகம். கேமராவின் சின்னத் திரையில் தெரியாது; 12-க்கு 36 அங்குல ஆல்பத்தில் விரித்துப் பார்க்கும்போது மாமியார் கண்ணில்தான் முதலில் படும்.

வெயிலில் இன்னொரு சிக்கல். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16 என்றால் உச்சி வெயிலுக்கு ஷட்டர் 1/100 சரியாக இருக்கும். அங்கிருந்து எஃப் 1.4-க்கு வந்தால் ஏழு ஸ்டாப் திறக்கிறோம்; ஒரு ஸ்டாப்புக்கு வெளிச்சம் இரட்டிப்பு. ஷட்டர் 1/12800 வேண்டும். பல கேமராக்கள் 1/8000-உடன் நின்றுவிடும். மாப்பிள்ளையின் வேட்டி வெறும் வெள்ளைத் தாளாகிவிடுவது இதனால்தான். அதைச் சமாளிக்க, வேகமான ஷட்டரோடு ஃபிளாஷை ஒத்துப்போகவைக்கும் ஹைஸ்பீட் சிங்க்கில் ஃபிளாஷ் போட்டால் அதன் பலம் இரண்டு ஸ்டாப்பாவது இறங்கும், பேட்டரி சூடேறும், பத்தாவது படத்தில் வெளிச்சம் வராது. எஃப் 1.4 தான் வேண்டும் என்றால் வெளிச்சத்தைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்.டி. ஃபில்டர் போடுங்கள், 1/1600-க்கு வந்துவிடும். ஆனால் எதற்கு அது வேண்டும் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடும் ஆளும் சேர்ந்து தெரிய வேண்டுமென்றால் 35 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6, ஆள் மூன்றரை மீட்டர் தள்ளி. இரண்டரை மீட்டரிலிருந்து ஆறரை மீட்டர் வரை தெளிவாக வரும். முகமும் தூணும் அதன் தலைப்பான போதிகையும் ஒரே படத்தில் இருக்கும்; அதற்கும் பின்னால் போகப்போக மெதுவாகக் கரையும். 85-ஐப் பைக்குள்ளேயே வையுங்கள் என்று சொல்லவில்லை. நெருக்கமான முகத்துக்கு அதுவே நல்லது. எஃப் 4, மூன்று மீட்டர் தூரம் என்றால் ஒரு அடி ஆழம் கிடைக்கிறது, இரண்டு முகமும் அதற்குள் அடங்கும்.

35-ஐ எடுத்தவுடன் வரும் தப்பு ஒன்று உண்டு. தூணின் உச்சி தெரியவேண்டும் என்று கேமராவை மேலே தூக்குவீர்கள். இரண்டு பக்கத் தூண்களும் உள்பக்கம் சாயும். இந்த வீடுகளில் எல்லாமே நேர்கோடு என்பதால் இரண்டு டிகிரி சாய்ந்தாலும் வீடே விழப்போவது போல இருக்கும். கேமராவை ஆளின் நெஞ்சு உயரத்தில், மட்டமாகப் பிடியுங்கள். உச்சி அடங்கவில்லையென்றால் பின்னால் நகருங்கள். எடிட்டில் தரையை வெட்டிக்கொள்ளலாம். எடிட்டில் கோட்டை நிமிர்த்தினால் தூண் நிமிரும், ஆளின் தலை நீளும்.

இனி ப்ரீசெட், ஒரே சொடுக்கில் நிறத்தை மாற்றும் ஆயத்த எடிட். காசு கொடுத்து வாங்கிய ஆரஞ்சு-டீல் ஒன்று எல்லார் லேப்டாப்பிலும் இருக்கிறது. நீலத்தையெல்லாம் மயில்பச்சைப் பக்கம் தள்ளும். சிவப்பையும் மஞ்சளையும் ஆரஞ்சுப் பக்கம் இழுக்கும். இலைப்பச்சையை வற்றவைத்துக் காய்ந்த கருவேப்பிலை நிறத்துக்குக் கொண்டுவரும். கடற்கரையிலோ பனிமலையிலோ எடுத்த படத்தில் அது ஒருவேளை எடுபடலாம். இங்கே என்ன ஆகிறது தெரியுமா? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கி என்று தேடிப்பிடித்து வாங்கி உடுத்தி வருகிறார்கள். அதன் அழகே அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்பும் கட்டம் கட்டமாக மோதிக்கொள்வதில்தான் இருக்கிறது. ப்ரீசெட் போட்டதும் அரக்கும் மஞ்சளும் ஒரே ஆரஞ்சாகி, கறுப்பு சாம்பலாகி, கண்டாங்கி ஏதோ சோபா உறை மாதிரி ஆகிவிடுகிறது. தங்கம் செம்பாகிறது. தேக்குத் தூணும் மணப்பெண்ணின் கன்னமும் ஒரே நிறத்துக்கு வந்து நிற்கின்றன.

கண்டாங்கிக் கட்டத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. நுண்ணிய கோடுகளை லேசாக மங்கவைக்கும் லோ-பாஸ் ஃபில்டர் இல்லாத கேமராவில் நெருக்கமான கட்டம் வானவில் அலையாகப் பிரிந்து வரும், மோய்ரே. முழங்கால்வரைத் தெரியும் தூரத்தில்தான் அதிகம். எடிட்டில் துடைத்தால் நிறமும் சேர்ந்து போகும். எடுக்கும்போதே ஒரு எட்டு முன்னே அல்லது பின்னே வைத்து, நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

தோல் நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 'கலரைக் கொஞ்சம் தூக்கி விடுங்க' என்று வாடிக்கையாளரே கேட்கிறார் என்பீர்கள். கேட்கிறார்கள்தான். ஆரஞ்சு ஸ்லைடரின் வெளிச்சத்தை 30, 40 என்று தூக்கினால் கறுப்புத் தோல் வெளுப்பாவதில்லை, சாம்பல் பூக்கிறது. நெற்றியிலும் மூக்கிலும் இருந்த பளபளப்பும் கன்னத்தின் சரிவும் ஒன்றாகி முகம் தட்டையாகிறது. நிழலில் இருக்கும் கழுத்தும் கையும் அதே அளவு ஏறாததால், முகம் ஒருவருடையது, கை இன்னொருவருடையது மாதிரி இருக்கும். சரியான இடத்தில் நிறுத்தி எடுத்தால் இந்தத் தேவையே வராது. கறுப்புத் தோலின் அழகு அதில் விழும் ஒளியின் விளிம்பில் இருக்கிறது. பெரிய, மென்மையான வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரட்டும். ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை முகத்துக்கு வைத்து, மாநிறம் என்றால் காட்டிய அளவிலேயே விடுங்கள். நல்ல கறுப்பு என்றால் முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் குறையுங்கள். முழு ஃபிரேமையும் அளக்கும் மீட்டரை நம்பினால், பக்கத்தில் நிற்கும் மாப்பிள்ளையின் பட்டுவேட்டியைப் பார்த்துப் பயந்து அது முகத்தை இருட்டாக்கிவிடும்.

கறுப்பைத் தூக்கி மங்கலாக்கும் அந்தப் 'பழைய பிலிம்' மோஸ்தரும் அப்படித்தான். போனில் பார்க்க ஒரு மாதிரி நன்றாகத்தான் இருக்கும். மேட் தாளில் அச்சடித்து வரும்போது கூந்தல் புழுதி படிந்தது போல வருகிறது. ஆல்பம் போடுகிறவர்கள் அதை எப்படித் திருத்துவது? இல்லாத கறுப்பை எங்கிருந்து கொண்டுவருவது?

கோல்டன் ஹவர் என்று ஒன்றை நம்பி மாலை ஐந்தரைக்கு வந்து இறங்குகிறீர்கள். அந்த 'ஒரு மணி நேரம்' வடக்கே, சூரியன் சாய்வாக இறங்கும் நாடுகளில் எழுதிவைத்த கணக்கு. நாம் இருப்பது வட அட்சரேகை ஏறக்குறைய 10 டிகிரியில். இங்கே சூரியன் கிணற்றில் வாளி இறங்குவது போல நேராக இறங்கும். அடிவானத்துக்கு 6 டிகிரி மேலே இருக்கும்போது வெளிச்சம் பொன்னிறமாகிறது என்று வைத்துக்கொண்டால், மறைவதற்குள் உங்களிடம் இருப்பது 25 நிமிடம். கண்மாய்க் கரையின் மேற்கே சீமைக்கருவேல வரிசை ஒரு 3 டிகிரி மறைத்தால் அதில் 12 நிமிடம் போய்விடும். மிச்சம் 13 நிமிடம். அதில் மேக்கப் அம்மா டச்சப் செய்ய வேண்டும், முந்தானையை இரண்டு பேர் தூக்கி வீச வேண்டும், கரையில் ஏற்கெனவே நிற்கும் மற்ற மூன்று ஜோடிகள் ஃபிரேமை விட்டு விலக வேண்டும். டிசம்பர் நடுவில் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூன் கடைசியில் ஆறு நாற்பதை ஒட்டி. கையை நீட்டிச் சூரியனுக்கும் மரவரிசைக்கும் நடுவே விரல்களைப் படுக்கையாக வையுங்கள். நாலு விரல் ஏறக்குறைய 8 டிகிரி. நம்மூரில் அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான்.

அவசரத்தில் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து ஃப்ளேர் அடிக்கவிட்டு, முகத்தை எடிட்டில் மூன்று ஸ்டாப் தூக்குகிறீர்கள். நாயிசும் வரும், கறுப்பில் ஊதா நிறமும் வரும். தங்க நிற ரிஃப்ளெக்டரைக் கீழே பிடித்தால் முகம் மஞ்சள் பூசியது மாதிரி ஆகிவிடும். நலங்கு படம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இவ்வளவும் எதற்கு? சாயங்காலம் மட்டுமே வெளிச்சம் அழகு என்று நினைப்பதால். செட்டிநாட்டு வீடு கட்டியவர்கள் காலை முதல் மாலை வரை வெளிச்சத்தை எங்கே விடுவது, எங்கே தடுப்பது என்று முடிவு செய்து கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். உங்கள் சாஃப்ட்பாக்ஸைவிடப் பெரிய சாஃப்ட்பாக்ஸ் அது. பெயர் வளவு.

வளவின் நடுவே முற்றம், வானம் பார்த்த திறப்பு. சுற்றிலும் தூண் வரிசை, அதற்குள் பத்தி எனும் தாழ்வாரம். திறப்பு வழியாக வரும் வானத்தின் ஒளி பத்திக்குள் பக்கவாட்டில் நுழைகிறது. இதில் ஆளை எங்கே நிறுத்துவது என்பதே முழு வித்தை. முற்றத்தின் விளிம்பிலேயே நிறுத்தினால் வெளிச்சம் உச்சந்தலையிலிருந்து விழும். கண்குழி இரண்டும் கறுத்துப்போகும். அங்கிருந்து நாலைந்து அடி பத்திக்குள் தள்ளி நிறுத்துங்கள். உள்ளே போகப்போக அந்த ஆளுக்குத் தெரியும் வானத் துண்டு கீழே இறங்கி வரும். வெளிச்சம் கண்ணுக்குள் விழும். கருவிழியில் ஒரு வெள்ளைச் சதுரம் தெரிந்தால் சரியான இடம் என்று பொருள். தெரியவில்லையென்றால் முகத்தை முற்றத்தின் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்கள். ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 4, 1/250 என்று ஆரம்பித்தால் கிட்டத்தட்ட சரியாக வரும். இன்னும் உள்ளே, சுவர் ஓரமாகப் போனால் ஐ.எஸ்.ஓ. மட்டும் ஏறும், வெளிச்சத்தின் அழகு கூடத்தான் செய்யும்.

எந்தப் பத்தி என்பதை மாதமும் மணியும் தீர்மானிக்கும். காலை எட்டரையிலிருந்து பத்து வரை வெயில் கிழக்கிலிருந்து வந்து மேற்குப் பக்கத் தூண்களிலும் சுவரிலும் விழும். நீங்கள் கிழக்குப் பத்தியின் நிழலில் ஆளை மேற்குப் பார்த்து நிறுத்துங்கள். எதிர்ச்சுவர் முழுவதும் உங்களுக்கு ரிஃப்ளெக்டர். மாலையில் அதற்கு நேர்மாறு. உச்சி நேரத்தில், தை மாதம் என்றால் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வெயில் வடக்குப் பக்கம் விழும், தெற்குப் பத்தி நிழலாக இருக்கும். ஆனியில் சூரியன் வடக்கே போய்விடுவதால் வடக்குப் பத்திக்கு மாறுங்கள். சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். தூணுக்கே நிழல் இருக்காது. ஆவணி முகூர்த்த சீசனில் மதியம் பன்னிரண்டே காலுக்கு வளவில் படம் எடுக்க நினைக்காதீர்கள், சாப்பிடப் போங்கள்.

இனி ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு வார்த்து, நீரில் ஊறப்போட்டு எடுப்பது. சூளையில் சுடுவதில்லை. அந்தக் கண்ணாடிதான் அதற்கு வழவழப்பைக் கொடுக்கிறது. அதன் நிறம் உங்கள் படத்தில் ஒரு வேலை செய்யும்: கல் சிவப்பாக இருந்தால், அதில் வெயில் விழுந்தால், சிவப்பு வெளிச்சம் கீழிருந்து மேலே அடிக்கும். தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்திலும் புருவத்தின் கீழும் சிவப்புப் படியும். ஒயிட் பேலன்ஸை எப்படித் திருப்பினாலும் போகாது, ஏனென்றால் நெற்றிக்கு வருவது வானத்தின் நீலம், தாடைக்கு வருவது தரையின் சிவப்பு. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். நிறத்தைச் சரிபார்க்கும் சாம்பல் அட்டையான கிரே கார்டை ஆளின் முகத்தருகே, வானத்தைப் பார்த்தபடி பிடித்து எடுங்கள். தரையைப் பார்த்துச் சாய்த்துப் பிடித்தால் அந்தச் சிவப்பையும் சேர்த்து அளந்துவிடும். இடுப்புக்கு மேலே மட்டும் எடுக்கும் படத்துக்கு, ஃபிரேமுக்கு வெளியே, காலடியில் வெள்ளை எட்டு முழ வேட்டி ஒன்றை விரித்துவிடுங்கள். சிவப்பு போய்விடும், தாடையின் கீழ் இருட்டும் குறையும். சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டியை விரித்தால் தாடை நீலமாகும், கவனம். முழு உருவப் படத்தில் வேட்டி தேவையில்லை. தரையின் சிவப்பு கண்ணுக்குத் தெரிவதால் முகத்தில் படிந்ததும் இயல்பாக இருக்கும்.

ஃபிளாஷ் போட்டே ஆகவேண்டும் என்றால் முற்றத்தின் பக்கத்திலிருந்தே, வானம் வருகிற திசையிலேயே வையுங்கள். சூழ்நிலை வெளிச்சத்துக்கு ஒன்று ஒன்றரை ஸ்டாப் குறைவாக. வீட்டின் உள்பக்கத்திலிருந்து அடித்தால் ஆள் அட்டையில் வெட்டி ஒட்டியது போலத் தெரிவார். சுண்ணாம்புச் சுவர் பளிங்கு மாதிரி இழைத்தது. ஃபிளாஷ் எந்தக் கோணத்தில் பட்டதோ அதே கோணத்தில் திரும்பும். சுவரில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் விளக்கை இரண்டடி பக்கவாட்டில் நகர்த்துங்கள், பவரைக் குறைப்பதால் பொட்டு மறையாது. பெல்ஜியம் கண்ணாடி மாட்டிய சுவருக்கும் இதுதான்.

இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று வாசல்கள் ஒரே நேர்கோட்டில் வரும். இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம் என்று வரிசையாகப் பட்டைகள். முகப்பு நடையின் இருட்டில் நீங்கள் நில்லுங்கள், வளவு தொடங்கும் இடத்தில், வெளிச்சப் பட்டைக்குள் ஓரடி தள்ளி ஆளை நிறுத்துங்கள். எக்ஸ்போஷர் முகத்துக்கு. வாசல் நிலை தானாகக் கறுத்து ஃபிரேமாகிவிடும். ஆளை இருட்டுப் பட்டையில் நிறுத்தினால் நிழலுருவம்தான் கிடைக்கும். அது வேண்டியிருந்தால் வேறு விஷயம். கேமரா நிலைவாசலின் நட்டநடுவில், மட்டமாக. ஒரு சாண் விலகினாலும் உள்ளே உள்ள அடுத்தடுத்த வாசல்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். நிலைப்படியின் மேல் ஆளை நிறுத்தாதீர்கள். படிக்கு உள்ளே அல்லது வெளியே. ஏன் என்று மணப்பெண்ணின் பாட்டியைக் கேட்டால் விளக்கமாகச் சொல்வார்.

புகைக் குண்டு விஷயத்தில் எங்களிடம் பொறுமை மிச்சமில்லை. அதில் எரிவது சர்க்கரை வகையும் குளோரேட்டும். அந்தச் சூட்டில் ஆவியாகிற சாயம்தான் நிறப் புகை. புகை கலைந்துவிடும், சாயம் எங்கே போகும்? குளிர்ந்து பொடியாகி அருகிலிருக்கும் எதிலும் படியும். சுண்ணாம்புப் பூச்சில் நூலிழை வெடிப்புகள் இருக்கும். சாயம் அதற்குள் இறங்கிவிட்டால் துடைத்து வராது. அழுத்தித் தேய்த்தால் சுவரின் பளபளப்பு போகும். அப்படிப் பூசத் தெரிந்த கைகள் இன்று விரல் விட்டு எண்ணும் அளவில்தான். ஆத்தங்குடிக் கல்லும் ஈரத்தை உறிஞ்சும். ஹோலிப் பொடி, குங்குமம், ரோஜா இதழ் நசுங்கிய சாறு எல்லாம் கறையாகும். கறையைப் போக்குகிறேன் என்று ஆசிட்டோ கழிப்பறைக் கிளீனரோ ஊற்றினால் சிமென்டையே தின்றுவிடும். தவறி எதுவும் கொட்டிவிட்டால் உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, பிறகு வெறும் தண்ணீரில் துடையுங்கள். மெருகுக்குத் தண்ணீரில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் போதும். ட்ரைபாட், லைட் ஸ்டாண்டு காலுக்கு ரப்பர் மூடி மாட்டுங்கள். மழை வேண்டும் என்று லாரித் தண்ணீரைக் குழாயில் பீய்ச்சுவதானால் வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தளம் ஈரத்தில் வழுக்கும், பட்டுப்புடவையோடு விழுந்தால் படத்துக்குப் பதில் எக்ஸ்ரே எடுக்க வேண்டிவரும்.

இரும்புக் கம்பளியைக் கொளுத்திச் சுழற்றும் விளையாட்டும் தொடர்கிறது. பொறி பல அடி தூரம் பறந்து, விழுந்த பிறகும் கனன்று கொண்டிருக்கும். பங்குனி சித்திரையில் கண்மாய் உள்வாயில் காய்ந்த கோரையும் கருவேல முள்ளும் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் செய்கிற வேலை.

ஊரணி வேறு, கண்மாய் வேறு. கண்மாய் வயலுக்கு, ஊரணியில் பல ஊர்களில் குடிக்கத் தண்ணீர் எடுத்தார்கள், சில ஊர்களில் இன்னும் எடுக்கிறார்கள். படகு விட்டு, பூ கொட்டி, மினுக்குத் தூள் தூவி, முந்தானையை நீரில் மிதக்கவிட்டு எடுக்கும் படம் குடிதண்ணீரில் எடுத்த படம். படித்துறையில் செருப்பைக் கழற்றி வைக்காமல் இறங்கினாலே ஊர்க்காரர்கள் ஏன் முறைக்கிறார்கள் என்பது இப்போது புரியும். படித்துறையின் மேல்படியில் உட்காரவைத்து, நீரைப் பின்னணியாக மட்டும் வைத்தால் போதும். காலை ஏழு மணிக்குக் காற்று இருக்காது. எதிர்க்கரைக் கோபுரம் தலைகீழாகத் தண்ணீரில் நிற்கும். லென்ஸுக்குக் கீழே செல்போனை வைத்துப் பொய்ப் பிரதிபலிப்பு காட்டும் வித்தைக்கு அங்கே வேலையில்லை.

தண்டவாளத்தில் கைகோத்து நடக்கும் படத்துக்கு 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவு இருக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதையும் மீறி எடுக்கும் அளவுக்கு அது புதுமையான படமும் இல்லை.

ஐயனார் கோயில் புரவிகள் மேல் ஏறாதீர்கள். உள்ளே கூடான சுடுமண்; நின்று வெயிலையும் மழையையும் தாங்கும், ஆள் பாரத்தைத் தாங்காது. அது யாரோ ஒருவரின் நேர்த்திக்கடன் என்பது தனி. திருமயம் கோட்டை மத்தியத் தொல்லியல் துறை வசம் இருக்கிறது, ட்ரைபாட் வைக்க முன்அனுமதி வேண்டும். வாசலில் வந்து வாக்குவாதம் செய்து பயனில்லை. ட்ரோனை முற்றத்துக்குள்ளிருந்து கிளப்பினால் நாலு பக்கக் கூரையும் செயற்கைக்கோள் சிக்னலை மறைக்கும். அது இடம் தெரியாமல் நழுவி நாட்டு ஓட்டில் மோதும். ஓட்டுக்கூரைமேல் ஏறி அதை எடுக்கப்போனால் உடைவது பத்து ஓடு. வெளியிலிருந்தே கிளப்புங்கள். 250 கிராமுக்கு மேற்பட்டதைக் காசுக்குப் பறக்கவிட 2021 ட்ரோன் விதிகளின்படி பைலட் சான்றிதழ் வேண்டும். பக்கத்து வீட்டு முற்றத்தில் யாராவது குளித்துக்கொண்டிருக்கலாம் என்பதற்கு எந்த விதியும் தேவையில்லை.

போஸைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை, அது உங்கள் கைமணம். நெற்றியோடு நெற்றி, கையைப் பிடித்து இழுத்தபடி முன்னே ஓடுவது, சுற்றிவிட்டுச் சிரிப்பது, இதெல்லாம் எந்த ஊர் எந்த ஜோடி என்று பார்க்காமல் வருகிறது. அதைவிட உறுத்துவது வேஷம்: கிராமபோன், வட்டக் கண்ணாடி, ஊன்றுகோல், டபரா டம்ளர் என்று வாடகைச் சாமான்களைத் திண்ணையில் அடுக்கி இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியாக்குவது. வீட்டில் இருக்கிற சாமானிலேயே போதுமானது இருக்கும். பல்லாங்குழியை நடுவில் வைத்து இருவரையும் உண்மையாகவே ஆடவிட்டு, பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். ஐந்தாவது நிமிடத்துக்கு மேல் கேமராவை மறந்துவிடுவார்கள். ஆறாவது நிமிடத்தில் ஒருவர் கள்ளாட்டம் ஆடுவார். அப்போது வரும் முகத்தை எந்தப் போஸாலும் வரவழைக்க முடியாது. கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கட்டியிருந்தால் ஆளை முக்கால்வாசி திருப்பி எடுங்கள். கொசுவம் பின்னால் இருக்கும்போது நேர் முன்னாலிருந்து எடுப்பதில் என்ன லாபம்?

அனுமதி. காவலுக்கு இருப்பவர் சாவி கொடுத்தார் என்பது அனுமதி ஆகாது. ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது புள்ளி, அதாவது குடும்பம், பங்காளிகள் இருப்பார்கள்; சிலர் சென்னையில், சிலர் மலேசியாவில். எந்தெந்த அறை, எத்தனை மணி, விளம்பரத்துக்குப் போடலாமா கூடாதா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாமி அறை, முன்னோருக்குப் படையல் இடும் படைப்பு வீடு பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், 'ஒரே ஒரு ஷாட்' என்றுகூட.

அடுத்த முறை வரும்போது காலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள். ஊரணிக் கரையில் அரைமணி நேரம், எட்டரைக்கு வளவின் கிழக்குப் பத்தி, பத்தரைக்கு முகப்பு நடையிலிருந்து அந்த வாசல் வரிசை. பதினொன்றுக்கெல்லாம் முடிந்துவிடும். பையில் 35-ம் 85-ம் ஒரு கிரே கார்டும் போதும். கூடவே ஒரு வெள்ளை வேட்டி. நீலம் போடாததாக.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரத்துப் படக்காரர்கள்